வெற்றுப் புலங்களும் தரவின் மெய்ம்மையும்: மயிலாடுதுறை வட்டாரக் கல்வெட்டுத் தரவுத்தளத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கல்வெட்டு, சுவடி, கள ஆய்வு ஆகியவற்றின் தரவுகளைத் தனிக்கணினியில் இயங்கும் தரவுத்தளச் செயலிகளில் தொகுக்கும் ஆய்வாளர்கள், படிவத்தின் சில புலங்கள் நிரப்பப்படாமல் விடப்படுவதைப் பெரும்பாலும் கவனக்குறைவு என்றே கருதுகின்றனர். அதனைத் தடுக்க எல்லாப் புலங்களையும் கட்டாயமாக்கிவிடுகின்றனர். இவ்வாறு கட்டாயமாக்கப்பட்ட புலம் உண்மையைத் தராமல் ஊகத்தை உண்மையாக்கிவிடக்கூடும் என்பதையும், வெறுமையின் வகைகளைப் பிரித்தறிந்து சரிபார்ப்பதே முறையானது என்பதையும் மயிலாடுதுறை மாவட்டக் கல்வெட்டுகளுக்கான ஒரு மாதிரித் தரவுத்தளத்தின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: தரவுத்தளம், உள்ளீட்டுப் படிவம், வெற்றுப் புலம், இன்மை மதிப்பு, சரிபார்ப்பு, கல்வெட்டு, மயிலாடுதுறை.

முன்னுரை

கல்வெட்டைப் பதிப்பித்தோர், சிதைந்த பகுதியை ஒருபோதும் மறைத்ததில்லை. எழுத்து அழிந்த இடத்தில் புள்ளிகளோ கோடுகளோ இட்டனர்; ஐயத்திற்குரிய எழுத்தை அடைப்புக்குறிக்குள் தந்தனர். படிப்போர் எது கல்லில் உள்ளது, எது பதிப்பாசிரியரின் ஊகம் என்பதை ஒரு பார்வையில் அறிந்துகொண்டனர். அச்சில் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பேணப்பட்ட இந்த ஒழுங்கு, அதே தரவைக் கணினிப் படிவத்தில் இடும்போது எளிதில் தொலைந்துபோகிறது. அச்சுப் பக்கத்தில் புள்ளிகளாக நின்ற சிதைவு, தரவுத்தளத்தில் வெறும் கட்டமாகிறது. அவ்வெறுங்கட்டம் ‘கல்லில் அழிந்தது’ என்று பொருள்படுமா, ‘தட்டச்சர் விட்டுவிட்டார்’ என்று பொருள்படுமா என்பதைப் பின்னர் வரும் ஆய்வாளர் அறிய வழியில்லை. எனவே வெற்றுப் புலத்தைச் சரிபார்த்தல் என்பது நிரலாளரின் சிறுவேலையன்று. ஆய்வின் நம்பகத்தன்மையைத் தாங்கும் பணியாகும்.

தரவுக் களம்

மயிலாடுதுறை, குத்தாலம், சீர்காழி, தரங்கம்பாடி ஆகிய வட்டங்களைக் கொண்ட மயிலாடுதுறை மாவட்டம் 2020 டிசம்பர் 28 அன்று தமிழகத்தின் 38ஆம் மாவட்டமாகத் தொடங்கப்பெற்றது. அதற்கு முன்பு இப்பகுதி நாகப்பட்டினம் மாவட்டத்திலும், 1991க்கு முன்பு தஞ்சாவூர் மாவட்டத்திலும் அடங்கியிருந்தது. நகரின் பெயரும் மாயவரம், மாயூரம், மயிலாடுதுறை என வெவ்வேறு காலங்களில் வெவ்வேறாக வழங்கியது. கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் வெளிவரத் தொடங்கின. அவற்றின் தொடக்ககாலத் தொகுதிகளில் இவ்வட்டாரத்து ஊர்கள் தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழேயே இடம்பெற்றன.

இவ்வட்டாரக் கல்வெட்டுகளுக்கென ஓர் உள்ளீட்டுப் படிவம் அமைப்பதாகக் கொள்வோம். ஊர், கோயில், கல்வெட்டு உள்ள இடம், ஆண்டறிக்கை எண், மூலத்தில் உள்ள மாவட்டம், இன்றைய மாவட்டம், அரசன், ஆட்சியாண்டு, பொது ஆண்டு, நிலத்தின் அளவு, வரி, பதிவு செய்தவர், பதிவு நாள் ஆகியவை அதன் புலங்கள். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ், லிப்ரே ஆபிஸ் பேஸ், எஸ்.க்யூ.லைட் கோப்பின் மேல் எழுதப்பட்ட விண்டோஸ் செயலி ஆகியவற்றுள் எதனைத் தேர்ந்தாலும் கீழே கூறப்படும் சிக்கல்கள் பெரும்பாலும் ஒன்றே.

இன்மையின் வகைகள்

படிவத்தில் ‘வரி’ என்னும் புலம் வெறுமையாக உள்ளது. இதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, கல்வெட்டு இன்னும் முழுமையாகப் படிக்கப்படவில்லை. இரண்டு, வரி கூறப்பட்ட பகுதி கல்லிலேயே சிதைந்துவிட்டது. மூன்று, அக்கல்வெட்டு நுந்தாவிளக்குக்கு ஆடு அளித்ததைப் பற்றியது. அதில் நிலமும் இல்லை, வரியும் இல்லை. நிலம் இறையிலியாக விடப்பட்டிருந்தால் அது நான்காவது நிலை. அங்கே வரி ‘தெரியவில்லை’ என்பதன்று. ‘இல்லை’ என்பது உறுதியாகத் தெரியும். எனவே அங்கு இட வேண்டியது வெறுமையன்று, சுழியம்.

இப்பாகுபாடு தமிழ் மரபுக்குப் புதியதன்று. இம்மாவட்டத்துத் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்த சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்க சங்கிரகம், இன்மையை நான்காக வகுக்கிறது. பொருள் தோன்றுவதற்கு முன் உள்ள முன்னின்மை, தோன்றி அழிந்தபின் உள்ள அழிவுபாட்டின்மை, முக்காலத்தும் இல்லாத என்றுமின்மை, ஒன்று மற்றொன்றாகாமையாகிய ஒன்றினொன்றின்மை என்பன அவை. இவற்றுள் முதல் மூன்றையும் படிவத்திற்குப் பொருத்திப் பார்க்கலாம். இன்னும் படிக்கப்படாதது முன்னின்மையை ஒத்தது. கல்லில் சிதைந்தது அழிவுபாட்டின்மையை ஒத்தது. அப்பதிவுக்கு என்றுமே பொருந்தாதது என்றுமின்மையை ஒத்தது. தருக்க நூலார் மெய்ப்பொருளியல் நோக்கில் செய்த பாகுபாட்டைத் தரவு வடிவமைப்போடு முற்றும் ஒன்றெனக் கொள்ள இயலாது. ஆயினும் ‘இல்லை’ என்னும் சொல் ஒரே பொருளுடையதன்று என்னும் அடிப்படை இரண்டுக்கும் பொது.

உறவுநிலைத் தரவுத்தள மாதிரியை 1970இல் முன்வைத்த ஈ. எஃப். காட் என்பவரும் இதே இடத்தை வந்தடைந்தார். விடுபட்ட மதிப்புகளுக்கான குறியீட்டை 1979ஆம் ஆண்டுக் கட்டுரையில் விரிவாக ஆராய்ந்த அவர், 1990இல் வெளியான தம் நூலில் ‘பொருந்தும், ஆனால் தெரியவில்லை’, ‘பொருந்தவே பொருந்தாது’ என்னும் இருவேறு குறிகள் வேண்டும் எனப் பரிந்துரைத்தார். நடைமுறையில் உள்ள எஸ்.க்யூ.எல். மொழி இவ்விரண்டையும் பிரிக்காமல் ‘நல்’ என்னும் ஒரே குறியை மட்டுமே தருகிறது. இக்கட்டுரையில் அது ‘இன்மை மதிப்பு’ எனப்படும். மொழி தராத வேறுபாட்டை வடிவமைப்பவரே உருவாக்கிக்கொள்ள வேண்டியுள்ளது.

கணினி காணும் வெறுமை

திரையில் வெறுமையாகத் தோன்றும் கட்டம், உள்ளே நான்கு வெவ்வேறு நிலைகளில் இருக்கலாம்.

முதலாவது, இன்மை மதிப்பு. அங்கு எதுவும் இடப்படவில்லை. இரண்டாவது, வெற்றுச்சரம். நீளம் சுழியமான ஓர் எழுத்துத்தொடர் அங்கு இடப்பட்டுள்ளது. முன்பு இட்ட பெயரை அழித்துவிடும்போது சில செயலிகளில் இந்நிலை உண்டாகும். மூன்றாவது, இடைவெளிச்சரம். இடைவெளி விசை ஒன்றிரண்டு முறை அழுத்தப்பட்டுள்ளது. நான்காவது, கண்ணுக்குத் தெரியாத குறிகள் மட்டுமே உள்ள சரம்.

இவற்றை எல்லாச் செயலிகளும் ஒரேவகையாக நடத்துவதில்லை. ஆரக்கிள் தரவுத்தளம் வெற்றுச்சரத்தையும் இன்மை மதிப்பாகவே கொள்கிறது, எஸ்.க்யூ.லைட் இரண்டையும் வேறாகக் கொள்கிறது. ஆக்சஸில் ‘ரிக்வயர்டு’ என்னும் பண்பை ‘ஆம்’ என அமைத்தாலும், ‘அலௌ ஜீரோ லெங்த்’ என்னும் பண்பும் ‘ஆம்’ என இருந்தால் வெற்றுச்சரம் உள்ளே நுழைந்துவிடும். கட்டாயப் புலம் என நம்பியிருந்த இடத்தில் வெறுமை தங்கிவிடும். ஆகவே எழுத்துவகைப் புலங்களுக்கு இவ்விரு பண்புகளையும் சேர்த்தே அமைக்க வேண்டும்.

மூவழி ஏரணமும் அதன் பொறிகளும்

இன்மை மதிப்போடு எதனை ஒப்பிட்டாலும் விடை ‘உண்மை’யும் அன்று, ‘பொய்’யும் அன்று, ‘அறியப்படாதது’ என்னும் மூன்றாம் விடையாகும். இன்மை மதிப்பை இன்மை மதிப்போடு ஒப்பிட்டாலும் அதுவே விடை. ஆதலால் ‘அரசன் = இன்மை’ என வினவினால் ஒரு பதிவும் கிடைக்காது; ‘இஸ் நல்’ என்னும் தனிச் சோதனையையே பயன்படுத்த வேண்டும். அதுபோலவே ‘அரசன் முதலாம் இராசராசன் அல்லாத கல்வெட்டுகள்’ எனத் தேடினால், அரசன் பெயர் வெறுமையாக உள்ள கல்வெட்டுகள் விடையில் வாரா. அவை பட்டியலிலிருந்து விலகியதை எந்த எச்சரிக்கையும் தெரிவிக்காது.

இதனினும் நுட்பமான பொறி ஒன்று உண்டு. ‘வெட்டி எடுத்தபின் நீளம் சுழியத்தினும் மிகுதியாக இருக்க வேண்டும்’ என ஒரு ‘செக்’ கட்டுப்பாட்டை அட்டவணையில் அமைத்தால் வெறுமை முழுவதும் தடுக்கப்பட்டுவிட்டதாகத் தோன்றும். ஆனால் இன்மை மதிப்பின் நீளமும் இன்மையே. ஒப்பீட்டின் விடை ‘அறியப்படாதது’. இக்கட்டுப்பாடு ‘பொய்’ என்னும் விடையை மட்டுமே தடுக்கும், அறியப்படாததை அனுமதிக்கும். எனவே ‘நாட் நல்’ என்னும் கட்டுப்பாட்டையும் உடன் சேர்த்தாலன்றி அந்த வாயில் திறந்தே கிடக்கும்.

கணக்கீட்டில் விளையும் பிழையை ஒரு சிறு எடுத்துக்காட்டால் காணலாம். ஐந்து நிலக்கொடைக் கல்வெட்டுகள் உள்ளன எனக் கொள்வோம். மூன்றில் வரி முறையே 10, 20, 30 கலம் நெல். நான்காவது இறையிலி. ஐந்தாவதில் வரிப்பகுதி சிதைந்துள்ளது. இறையிலியையும் சிதைவையும் வெறுமையாக விட்டால், சராசரி காணும் செயற்கூறு அவ்விரண்டையும் விலக்கிவிட்டு 60ஐ 3ஆல் வகுத்து 20 கலம் என்னும். இரண்டிலும் சுழியம் இட்டால் 60ஐ 5ஆல் வகுத்து 12 கலம் என்னும். இறையிலிக்குச் சுழியமும் சிதைவுக்கு இன்மை மதிப்பும் இட்டால் 60ஐ 4ஆல் வகுத்து 15 கலம் என்னும். அறிந்த தரவுக்குப் பொருந்துவது மூன்றாவதே. கல்வெட்டுகள் மாறவில்லை, வெறுமையை நிரப்பிய முறை ஒன்றே முடிவை மாற்றுகிறது. காவிரிப்படுகையின் வரிச்சுமையைப் பற்றி எழுதுவோர் இவ்வேறுபாட்டை எளிதாகக் கடந்துவிட இயலாது.

படிவ நிலையில் சரிபார்த்தல்

சரிபார்ப்பு இரண்டு இடங்களில் நிகழ வேண்டும். படிவத்தில் நிகழ்வது பயனருக்கு உதவுவது; அட்டவணையில் நிகழ்வது தரவைக் காப்பது. படிவத்தை மட்டும் நம்பினால், வேறொரு கோப்பிலிருந்து மொத்தமாக இறக்கப்படும் தரவு சோதனையின்றி உள்ளே வந்துவிடும். அட்டவணையை மட்டும் நம்பினால், பயனருக்குக் கிடைப்பது புரியாத பிழைச்செய்தியே.

படிவத்தில் எப்போது சோதிப்பது என்பதிலும் கவனம் தேவை. ஒவ்வொரு கட்டத்தையும் விட்டு நகரும்போது சோதிக்குமாறு எழுதுவது பெருவழக்கு. ஆனால் பயனர் ஒரு கட்டத்தைத் தொடவே இல்லையெனில் அக்கட்டத்திற்குரிய நிகழ்வும் எழாது. ஆக்சஸில் கட்டத்தின் ‘பிஃபோர் அப்டேட்’ நிகழ்வும், விண்டோஸ் செயலிகளில் ‘வேலிடேட்டிங்’ நிகழ்வும் இத்தன்மையன. விடுபட்ட புலம் பெரும்பாலும் தொடப்படாத புலமே ஆதலின், சோதனை எங்குத் தேவையோ அங்கே அது நிகழாமற் போகிறது. எனவே பதிவைச் சேமிக்கும் தருணத்தில், படிவம் முழுமைக்குமான நிகழ்வில், எல்லாப் புலங்களையும் ஒருசேரச் சோதித்தல் இன்றியமையாதது.

கட்டத்தை விட்டு நகரவே விடாமல் தடுப்பதும் பிழையான முறையாகும். கோயில் மண்டபத்தில் அமர்ந்து மடிக்கணினியில் பதிவு செய்பவர், ஆட்சியாண்டை வாசிக்க இயலாதபோது அடுத்த புலத்திற்கேனும் செல்ல வேண்டும். நகரவிடாத படிவத்தில் அவர் ஏதோ ஓர் எண்ணை இட்டுவிட்டே நகர்வார். விடுபட்ட புலங்களை நிறத்தாலோ சிறு குறியாலோ சுட்டிக்காட்டி, சேமிக்கும்போது அவற்றின் பெயர்களை ஒரே செய்தியில் பட்டியலிட்டு, முதல் வெற்றுப் புலத்தில் சுட்டியை நிறுத்துவது போதுமானது. ‘பிழை’ என்று மட்டும் கூறாமல், ‘ஊர்ப்பெயர் இடப்படவில்லை’ எனத் தமிழில் தெளிவாகக் கூறும் செய்தியே பயன்தரும்.

நாள் குறிக்கும் கட்டங்களில் தனிக் கவனம் வேண்டும். விண்டோஸ் செயலிகளின் வழக்கமான தேதித் தேர்வுக் கட்டம் வெறுமையாக இருக்க அறியாது; தொடாமல் விட்டால் அன்றைய தேதியே அதில் நிற்கும். ஆக்சஸில் தேதியின் இடத்தில் சுழியம் இடப்பட்டால் அது 1899 டிசம்பர் 30 ஆகும். முன்னதில் வெறுமை உண்மைபோலத் தோன்றும். பின்னதில் வெறுமை ஒரு பழைய நாளாக மாறிவிடும்.

தமிழ் உள்ளீட்டுக்கே உரிய சிக்கல்கள்

சொல்செயலிக் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது, முறியா இடைவெளி எனப்படும் குறி உடன் வந்துவிடுவதுண்டு. சில தமிழ் உள்ளீட்டு முறைகளும் பழைய கோப்புகளும் அகலமற்ற இணைப்புக்குறி, அகலமற்ற பிரிப்புக்குறி ஆகியவற்றை விட்டுச்செல்கின்றன. எஸ்.க்யூ.லைட்டின் ‘டிரிம்’ செயற்கூறும் விஷுவல் பேசிக்கின் ‘டிரிம்’ செயற்கூறும் இயல்பான இடைவெளியை மட்டுமே நீக்கும். டாட் நெட் தளத்தின் ‘இஸ் நல் ஆர் ஒயிட்ஸ்பேஸ்’ முறியா இடைவெளியையும் வெறுமையாகக் கொள்ளும். ஆனால் அகலமற்ற குறிகளைக் கொள்ளாது. ஆகவே இக்குறிகளை முதலில் நீக்கிவிட்டுப் பின்னரே வெறுமையைச் சோதிக்க வேண்டும்.

இன்னும் உறுதியான சோதனை ஒன்று உண்டு. ‘புலம் வெறுமையாக இல்லையா’ என வினவாமல், ‘புலத்தில் தமிழ் உயிரெழுத்தோ மெய்யெழுத்தோ ஒன்றேனும் உள்ளதா’ என வினவலாம். தவறுதலாக அழிக்கப்பட்ட சொல்லின் எச்சமாகத் தனிப்புள்ளியோ தனிக் கால்குறியோ நின்றால் அதனையும் இச்சோதனை கண்டுபிடித்துவிடும். ஊர், கோயில், பதிவு செய்தவர் முதலிய பெயர்ப் புலங்களுக்கு இது பொருந்தும்.

கட்டாயப் புலம் உண்டாக்கும் கேடு

அரசன், பொது ஆண்டு ஆகிய இரு புலங்களையும் கட்டாயமாக்கினால் என்ன நிகழும் எனக் காண்போம். சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறிமாறிப் புனைந்தனர். மெய்க்கீர்த்தியோ அடைமொழியோ இல்லாமல், ‘கோப்பரகேசரிவர்மற்கு யாண்டு பத்து’ என்ற அளவில் நிற்கும் ஒரு கல்வெட்டை எண்ணிப் பார்க்கலாம். அது 907இல் ஆட்சியேறிய முதலாம் பராந்தகனுடையதாயின் காலம் ஏறத்தாழ 916 ஆகும். ஏறத்தாழ 970இல் ஆட்சியேறிய உத்தமசோழனுடையதாயின் 980ஐ ஒட்டியதாகும். இடைவெளி அறுபது ஆண்டுகளுக்கும் மேல். எழுத்தமைதி, உடன் கூறப்படும் அதிகாரிகள், கோயிலின் கட்டடநிலை ஆகியவற்றை ஆராய்ந்தே முடிவு கூற வேண்டிய இடம் இது. ஆனால் படிவம் ஒரு பெயரைக் கேட்டு நிற்கிறது. உள்ளீட்டாளர் பட்டியலில் உள்ள ஒருவரைத் தேர்ந்து சேமித்துவிடுகிறார். அடுத்த ஆண்டு அத்தரவைக் கொண்டு வரைபடம் வரைபவருக்கு அது ஊகம் எனத் தெரியாது. வெற்றுப் புலத்தைப் பின்னர் நிரப்பிக்கொள்ளலாம். பொய்யாக நிரம்பிய புலத்தைக் கண்டுபிடிப்பதே அரிது.

இக்கேடு கல்வெட்டோடு நிற்பதன்று. தந்தைபெயரின் முதலெழுத்தையே முன்னெழுத்தாகக் கொள்ளும் தமிழர் பலர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளோர்க்கு அமெரிக்க நுழைவிசைவுப் படிவங்களில் ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ என்பதன் சுருக்கமான ‘எஃப்.என்.யூ.’ என்னும் மூன்றெழுத்து இடப்படுகிறது. அச்சுருக்கம் பின்னர் அவர்தம் பெயராகவே பிற ஆவணங்களில் இடம்பெறுவதுண்டு. இல்லாத ஒன்றைக் கட்டாயமாகக் கேட்ட புலம், இன்மையையே பெயராக்கிவிட்டது.

முன்மொழியும் நெறிமுறை

மேற்கண்டவற்றால், புலங்களை இருவகையாகப் பிரிப்பது தகும். ஊர், கோயில், பதிவு செய்தவர், பதிவு நாள் ஆகியவை உள்ளீட்டாளர் ஐயமின்றி அறிந்தவை. இவை முற்றிலும் கட்டாயமானவை. அரசன், ஆட்சியாண்டு, நிலத்தின் அளவு, வரி, ஆண்டறிக்கை எண் ஆகியவை மூலத்தைச் சார்ந்தவை; இவற்றைக் கட்டாயமாக்கலாகாது. மாறாக, இவை ஒவ்வொன்றுக்கும் அருகே ஒரு நிலைப்புலம் அமைத்து அதனைக் கட்டாயமாக்க வேண்டும். நிலைப்புலம் ஏற்கும் மதிப்புகள் ஐந்து: உண்டு, ஊகம், இன்னும் படிக்கவில்லை, சிதைந்தது, பொருந்தாது.

அட்டவணையின் கட்டுப்பாடு எளிது. நிலை ‘உண்டு’ அல்லது ‘ஊகம்’ எனில் மதிப்பு இன்மையாகவோ வெற்றுச்சரமாகவோ இருத்தலாகாது. நிலை மற்ற மூன்றுள் ஒன்றெனில் மதிப்பு இன்மையாகவே இருக்க வேண்டும். இதனை எழுதும்போது ‘இஸ் நல்’, ‘இஸ் நாட் நல்’ என்னும் சோதனைகளை வெளிப்படையாகச் சேர்த்தால் விடை உண்மை அல்லது பொய்யாக மட்டுமே அமையும். மூன்றாம் விடையால் வரும் பொறி நீங்கும். புதிய பதிவில் நிலைப்புலத்தின் தொடக்கமதிப்பு ‘இன்னும் படிக்கவில்லை’ என இருப்பது நன்று. ‘சிதைந்தது’, ‘பொருந்தாது’ என்பன ஆய்வாளர் கண்டு கூறவேண்டிய முடிவுகள். அவை தாமாக நிரம்பலாகாது.

பரகேசரிக் கல்வெட்டில் பட்டத்திற்கெனத் தனிப்புலம் அமைத்து அதில் ‘பரகேசரி’ என இட்டு, அரசன் புலத்தில் ஒரு பெயரும் நிலையில் ‘ஊகம்’ என்பதும் இடலாம். அல்லது பெயரை விடுத்து ‘இன்னும் படிக்கவில்லை’ என்பதோடு நிறுத்தலாம். புதிதாகக் கண்டறியப்பட்ட கல்வெட்டுக்கு ஆண்டறிக்கை எண் ‘பொருந்தாது’. இன்றைய மாவட்டத்தை உள்ளீட்டாளரிடம் கேட்காமல் ஊர்ப்பட்டியலிலிருந்து செயலியே எடுத்துக்கொள்ளலாம். மூலத்தில் உள்ள மாவட்டத்தை மூலத்தில் கண்டவாறே இடவேண்டும். இவ்வாறு அமைத்தால் 1991, 2020 ஆகிய ஆண்டுகளின் எல்லை மாற்றங்கள் பதிவைக் குழப்பா.

முடிவுரை

இக்கட்டுரையின் வழிக் கண்டறியப்படுவன:

1. திரையில் ஒன்றாகத் தோன்றும் வெறுமை, பொருளளவில் பலவகைப்படும். படிக்கப்படாமை, சிதைவு, பொருந்தாமை ஆகியவற்றைத் தரவுத்தளம் பிரித்துக் காட்ட வேண்டும். சுழியம் இவற்றுள் எதுவுமன்று. அது அறியப்பட்ட மதிப்பு.

2. வெறுமைச் சோதனையை இன்மை மதிப்பு, வெற்றுச்சரம், இடைவெளி, மறைகுறிகள் ஆகிய நான்கிற்கும் சேர்த்தே அமைக்க வேண்டும். படிவத்தில் சேமிக்கும் தருணத்திலும் அட்டவணையிலும் அது நிகழ வேண்டும்.

3. உள்ளீட்டாளர் அறிய இயலாததைக் கட்டாயமாக்கும் படிவம் ஊகத்தை உண்மையாக்குகிறது. கட்டாயமாக்க வேண்டியது மதிப்பையன்று. அம்மதிப்பைப் பற்றி நாம் அறிந்த நிலையை.

முந்தைய பதிப்பாசிரியர்கள் சிதைந்த எழுத்துக்குப் புள்ளி வைத்தனர். அப்புள்ளிக்கு ஈடான ஓரிடத்தைத் தரவுத்தளத்திலும் ஒதுக்குவது, அவர்தம் நேர்மையை இன்றைய கருவியில் தொடர்வதாகும்.